டிஸ்போசல் செட்டும் கொசுவத்திச் சுருளும்

ஹாம் ரேடியோவில் ஊறிய பெரியவர்கள் யாரிடமாவது பேச வாய்ப்புக் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் எங்கே ஆரம்பித்தாலும் பத்தாவது நிமிடம் பேச்சு டிஸ்போசல் செட்டில் வந்து நிற்கும். "அந்தக் காலத்துல மிலிட்டரி டிஸ்போசல்ல எடுத்த ரிசீவர் தம்பி. இரும்புன்னா இரும்பு! இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக் டப்பா." ஒருமுறை கொசுவத்திச் சுருளைப் பற்றவைத்துவிட்டால் அது லேசில் அணையாது. கேட்பதற்கு எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம். ஆனால் இந்த ஏக்கத்தில் ஏதோ ஒன்று இடிக்கிறது என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். பெரியவர்கள் பொறுத்தருள்க.

முதலில் என் வகுப்புத் தோழர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஹாம் ரேடியோ என்பது எஃப்எம்மில் பாட்டுப் போடுவது இல்லை (இதைக் கேட்காத ஆள் எங்கள் வகுப்பில் பாக்கி இல்லை). மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி, லைசென்ஸும் கால்சைனும் வாங்கி, சொந்த செட்டில் உலகத்தின் மற்ற ஹாம்களோடு பேசுவது. இதை வைத்துக் காசு பார்க்கக் கூடாது. டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு செட்டு, ஒரு பேட்டரி, இரண்டு தென்னை மரத்துக்கு நடுவே ஒரு கம்பி போதும். வானம் ஒத்துழைத்தால் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டும்.

சரி, டிஸ்போசல் என்றால் என்ன? 1945ல் இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அதற்காக மலைமலையாகச் செய்து குவித்த சாமான்களை என்ன செய்வது என்று எந்த ராணுவத்துக்கும் தெரியவில்லை. ஏலம் போட்டார்கள், எடைக்குப் போட்டார்கள். அதில் ரேடியோக்களும் இருந்தன. போர் நமக்கு ரொம்பத் தூரத்தில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டில் அப்போது போட்ட விமான ஓடுபாதை இருக்கிறதே, புதுக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான்.

அந்தப் பெட்டிகளில் அப்படி என்ன விசேஷம் என்று கேட்டால், விசேஷம் இருக்கத்தான் செய்தது. பிசி-348 என்றொரு ரிசீவர். அமெரிக்காவின் பி-17, பி-24 குண்டுவீச்சு விமானங்களில் இருந்தது. 1.5 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், அதற்குக் கீழே 200 முதல் 500 கிலோஹெர்ட்ஸும் கேட்கும். விமானத்தில் கிடைப்பது 28 வோல்ட் டிசி. வால்வுக்கு வேண்டியதோ இருநூறு வோல்ட்டுக்கு மேல். அதற்காக உள்ளேயே டைனமோட்டார் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். ஒரே தண்டில் ஒரு பக்கம் மோட்டார், மறுபக்கம் ஜெனரேட்டர். இதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் 28 வோல்ட்டுக்கு எங்கே போவார்? ஆகவே முதல் வேலை, டைனமோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து சப்ளை கட்டுவது. அடுத்தது, 28 வோல்ட்டுக்கு ஏற்றபடி கோத்திருந்த வால்வு ஹீட்டர்களைப் பிரித்து 6.3 வோல்ட்டுக்கு மாற்றிக் கோப்பது. இந்த இரண்டையும் ஷாக் அடித்துக்கொள்ளாமல் முடித்தவருக்கு அந்தப் பெட்டியின் உள்விவகாரம் பாதி அத்துப்படி ஆகிவிடும். மீதிப் பாதியை அது ரிப்பேர் ஆகும்போது தெரிந்துகொள்வார்.

பிரிட்டிஷ் டாங்கிகளில் இருந்தது 19 செட். கனடாவில் தயாரான பல செட்டுகளின் முகப்பில் ஆங்கிலத்தோடு ரஷ்ய எழுத்தும் இருக்கும், சோவியத் யூனியனுக்கும் அனுப்ப வேண்டியிருந்ததால். அதில் ஒலிபரப்பும் வேலையைச் செய்தது 807 என்ற வால்வு. மூத்த ஹாம் ஒருவர் முன்னால் 807 என்று சொல்லிப் பாருங்கள், முகம் அப்படியே மலரும்! எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பிசி-221. அது அலைவரிசையை அளக்கும் கருவி. ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக அளந்து, அந்த எண்களை அச்சடித்து அதற்கென்றே ஒரு புத்தகம் கூடவே கொடுத்தார்கள். ஒன்றின் புத்தகம் இன்னொன்றுக்குச் செல்லாது. ஜாதகம் மாதிரி.

இவ்வளவு ரசித்த பிறகும் எனக்கு ஏன் இடிக்கிறது?

கொஞ்சம் பின்னால் போவோம். 1939ல் போர் ஆரம்பித்ததும் பிரிட்டிஷ் அரசு இந்திய ஹாம்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. எல்லாரும் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுபோய் போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும். கையால் கம்பி சுற்றிக் கட்டிய செட்டுகள் அப்படியே போயின. 1942ல் உஷா மேத்தாவும் நண்பர்களும் பம்பாயில் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் ரேடியோ தெரியும்தானே? அதற்கு டிரான்ஸ்மிட்டர் கட்டிக் கொடுத்தவர் நரிமன் பிரின்டர் என்கிற ரேடியோ நிபுணர். சில மாதங்கள் ஓடி, நவம்பரில் பிடிபட்டது. போர் முடிந்து 1946ல்தான் மறுபடி லைசென்ஸ் கொடுக்க ஆரம்பித்தார்கள். கையில் செட்டு இல்லாத ஹாம்கள் எதை வாங்கினார்கள்? போரில் மிஞ்சியதை. நம் செட்டைப் பிடுங்கிக்கொண்ட போர், போகும்போது தன் பழைய செட்டை நம் தலையில் காசுக்குக் கட்டிவிட்டுப் போனது. இதை நினைத்தால் எனக்கு ஏக்கம் வரவில்லை, சிரிப்புதான் வருகிறது.

அதற்குப் பிறகு நாற்பது வருடம் நாம் ஏன் அந்தப் பெட்டிகளையே கட்டிக்கொண்டு அழுதோம்? அவை சிறந்தவை என்பதாலா? அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஹாம்களுக்கென்றே நல்ல செட்டுகள் கடையில் விற்றன. இங்கே இறக்குமதி வரி போட்டு அதைத் தொட முடியாத விலைக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். 1960களின் நடுவில் உலகமே ஏஎம்மை விட்டு எஸ்எஸ்பிக்கு மாறிக்கொண்டிருந்தபோது நம்மவர்கள் டாங்கி செட்டை நோண்டிக்கொண்டிருந்தார்கள். 1984ல் ராஜீவ் காந்தி காலத்தில்தான் அந்த வரி போனது. (அவரும் ஒரு ஹாம்.) ஆக, டிஸ்போசல் என்பது காதல் திருமணம் இல்லை. வேறு வழியில்லாமல் பண்ணிய கல்யாணம், பிறகு பிடித்துப்போனது. தப்பே இல்லை. ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்ற நாட்களை நினைத்து ரசிப்பது வேறு, ரேஷன் அரிசிதான் உலகிலேயே உசத்தி என்று பேரனிடம் சத்தியம் செய்வது வேறு.

எங்கள் தெருவில் ராணுவத்தில் சிக்னல்ஸில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். பழைய செட்டுகளின் படங்களை மொபைலில் காட்டி "எவ்வளவு அழகு பாருங்க பெரியப்பா" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "அழகா? அதத் தோள்ல மாட்டிக்கிட்டு மலையேறிப் பாருடா, அப்பத் தெரியும் அழகு" என்றார். பிறகு அவராகவே, "என்ன செட்டுன்னு எவனும் கேக்க மாட்டான். சேதி போச்சா இல்லையா, அதான் கேப்பான்" என்றார். உபயோகித்தவருக்கு ஏக்கம் இல்லை, உபயோகிக்காத எனக்கு இருக்கிறது. விசித்திரம்தான்.

ராணுவ ரேடியோ என்றால் நம் கடற்கரையில் இன்னொரு ஞாபகமும் உண்டு. 1986 நவம்பரில் தமிழ்நாட்டில் விடுதலைப் புலிகளின் வயர்லெஸ் கருவிகளைப் போலீஸ் பறிமுதல் செய்தது. அவற்றைத் திருப்பிக் கேட்டு பிரபாகரன் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார். எம்ஜிஆர் அரசு திருப்பிக் கொடுத்தது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் பெரியவர்களிடம் "வயர்லெஸ்" என்ற சொல்லைச் சொன்னால் ஏன் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பதில் சொல்கிறார்கள் என்று இந்தக் கதை தெரிந்தால் புரியும். பச்சைப் பெயின்ட் அடித்த பெட்டியின் மேல் வெறும் கவர்ச்சியை மட்டும் பூச என்னால் முடியவில்லை. அது ஒருவனைக் காப்பாற்றியும் இருக்கும், இன்னொருவன் தலையில் குண்டு விழ வழி காட்டியும் இருக்கும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? இருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியது. கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிக்காரர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மொபைல் டவரும் செத்தது. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். அத்தை வீட்டில் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, சாய்ந்த மரங்களை வெட்டி வழி பண்ணிக்கொண்டே சித்தப்பா பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். போய்வர ஒரு பகல் ஆனது. ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் செட்டும், அதை இயக்கத் தெரிந்த ஒரு ஆளும் நாலு ஊருக்கு ஒருவர் என்று இருந்திருந்தால்!

இது கற்பனை இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானில் இதுதான் நடந்தது. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் தற்செயலாக போர்ட் பிளேரில் முகாம் போட்டிருந்தார்கள். மற்ற தொடர்புகள் அறுந்தபோது அவர்கள் ஹோட்டல் அறையிலிருந்து இயக்கிய செட்டு வழியாகத்தான் பல குடும்பங்களுக்குச் சேதி போனது. அது டிஸ்போசல் செட்டா, பிளாஸ்டிக் டப்பாவா என்று எந்தக் குடும்பமும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் என் வயதுப் பையன் ஒருவன் ஹாம் ரேடியோ பக்கம் எட்டிப் பார்த்தால் காதில் விழுவது என்ன? "நீயெல்லாம் வால்வு பார்த்திருக்கியா? சைனா வாக்கி-டாக்கி வாங்கி வச்சுக்கிட்டு ஹாம்னு சொல்லிக்கிறீங்க." அவன் அடுத்த வாரம் வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொண்டு போய்விடுவான். ஏக்கம் தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்த ஏக்கத்தை வாசலில் பூட்டாக மாட்டி வைப்பதுதான் தப்பு.

பெரியவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் இழந்ததாக நினைப்பது இரும்பை அல்ல என்று நினைக்கிறேன். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எது எங்கே போகிறது என்று சர்க்யூட் படத்தில் விரல் வைத்துப் பின்தொடர முடிந்தது. கெட்டுப்போனால் ஒரே ஒரு வால்வை மாற்றினால் போதும். என் மொபைலைத் திறந்தால் வாரண்டி போகும், அவ்வளவுதான் தெரியும். மூன்றாம் வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற எங்களில் எத்தனை பேர் சால்டரிங் அயர்னைப் பிடித்திருக்கிறோம் என்று கணக்கெடுத்தால் மானம் போகும்.

அந்தச் சுகம் டிஸ்போசலோடு செத்துவிட்டதா என்றால், இல்லை. 2003 வாக்கில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் என்ற ஹாம் 'பிட்எக்ஸ்' என்றொரு செட்டை வடிவமைத்து, முழு சர்க்யூட்டையும் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார். இந்தியாவில் தெருமுனைக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே எஸ்எஸ்பி செட்டு. காயில் சுற்ற ஃபெரைட் வளையம் கிடைக்காவிட்டால் என்ன, தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் சுற்று என்றார்! வெளிநாட்டுக்காரர்களும் அதைப் பார்த்துக் கட்டினார்கள். டாங்கி செட்டை ஹாம் செட்டாக மாற்றியவர்களின் மூளைக்கு நேர் வாரிசு இந்தக் குழாய் வாஷர்தான் என்பேன். இன்னொன்று. 2005 மே 5 அன்று இஸ்ரோ அனுப்பிய ஹாம்சாட் செயற்கைக்கோளில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்று நம் நாட்டில் செய்தது. மற்றொன்றைச் செய்தது நெதர்லாந்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு பொறியியல் மாணவர். 2014 வரை அது வேலை செய்தது.

பழைய செட்டுகளை என்ன செய்யலாம் என்றும் கேட்பீர்கள். காயலான் கடையில் செம்புக்காக உடைக்கவிட்டால் பாவம். ஓடுகிற நிலையில் வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கல்லூரிகளுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் போட்டுக் காட்டலாம். வால்வு மெதுவாகச் சிவந்து சூடேறுவதை ஒருமுறை நேரில் பார்க்க எனக்கும் ஆசை. ஓடாதவற்றுக்குத் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரி கேட்டுப் பார்க்கலாம். 1910லிருந்து என்னென்னவோ சேர்த்து வைத்திருக்கிறார்கள், ரேடியோவுக்கா இடம் இல்லாமல் போகும்?

என் மேசையில் இப்போது பாதி கட்டிய போர்டு ஒன்று கிடக்கிறது. டவுனில் பிளம்பிங் கடையில் நாலு வாஷர் கேட்டபோது, "எந்தக் குழாய் ஒழுகுது தம்பி?" என்று கடைக்கார அண்ணன் கேட்டார். ரேடியோவுக்கு என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நாலோடு ஒன்று சேர்த்தே கொடுத்தார். லைசென்ஸ் கைக்கு வரும்வரை அந்த போர்டால் ஒரு சொல்கூட அனுப்பக் கூடாது, சட்டம் அப்படி. தேர்வுக்கு நான் விண்ணப்பிக்கப் போகிறேன். கீரமங்கலம், அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கத்து ஆட்கள் யாராவது கூட வருகிறீர்களா? ஒருவனாக மட்டும் பாஸ் பண்ணினால் பேசுவதற்கு எதிர்முனையில் ஆள் வேண்டுமே!