மரமும் மாந்தரும்: வில் மரம்

பலா மரத்தை அறுத்துப் பார்த்தவர்கள் அதன் வைரத்தின் மஞ்சள் நிறத்தை அறிவார்கள். அவ்வைரத்தைக் கொதிக்க வைத்து இறக்கிய சாயத்தில் புத்த பிக்குகளின் ஆடைகளைத் தோய்ப்பது நெடுங்கால வழக்கம். வடபுலத்து அங்காடிகளில் ‘கட்டஹல்’ என்று விற்கும் பலாக்காயை வாங்கிக் கறி சமைக்கும் நம் இல்லத்தரசியர்க்கோ, அரிவாள்மணையில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்னும் அதன் பால் நன்கு பழக்கம். இதே மஞ்சள் வைரமும் இதே வெண்பாலும் உடைய உறவு மரம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. பலா, ஆல், அரசு, முசுக்கொட்டை ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்ததே அதுவும். இத்திங்கள் அதைப் பற்றிப் பேசுவோம்.

அதன் பெயர் ஓசேஜ் ஆரஞ்சு. ஆரஞ்சுக்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை. காய் பெரிய ஆரஞ்சின் அளவில், பச்சை நிறத்தில், மேலெல்லாம் மூளையைப் போல் மடிப்பு மடிப்பாக இருக்கும். மனிதர் எவரும் அதை உண்பதில்லை. அப்பகுதியில் முதலில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் இட்ட பெயர்தான் பொருத்தமானது. ‘ப்வா தார்க்’ என்றார்கள். வில் மரம் என்பது அதன் பொருள்.

இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் காணப்படும் இம்மரம் ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சாஸ் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில், ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய சிறு நிலப்பரப்பே அதன் பிறந்தகம். ஆயினும் அதன் புகழ் நெடுந்தொலைவு பரவியிருந்தது. 1804 மார்ச்சில் மெரிவெதர் லூயிஸ் என்னும் ஆய்வுப் பயணி செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து குடியரசுத் தலைவர் ஜெஃபர்சனுக்கு இதன் கிளைத் துண்டுகளை அனுப்பினார். தொல்குடியினர் வில் செய்வதற்காக இம்மரத்தைத் தேடிப் பல நூறு மைல் பயணம் செய்வதாக உடன் எழுதினார். சில ஆண்டுகள் கழித்து மிசௌரி ஆற்றின் மேற்பகுதிக்குச் சென்ற ஜான் பிராட்பரி என்னும் தாவர அறிஞர், அங்கு வாழ்ந்த அரிக்கரா மக்களிடையே இம்மர வில் ஒன்றின் விலை ஒரு குதிரையும் ஒரு கம்பளியும் என்று குறித்திருக்கிறார். மரம் பிறந்த இடத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்ட ஊர் அது. ஒரு கழிக்கு ஒரு குதிரையா என்று வியக்கலாம். அந்தக் கழி செய்யும் வேலையை அறிந்தால் வியப்பு அடங்கும்.

நாணை இழுக்கும்போது வில்லின் இரு முகங்களுக்கும் இரு வேறு துன்பங்கள் நேர்கின்றன. எய்பவனை நோக்கிய அகப்பக்கம் நசுங்குகிறது. இலக்கை நோக்கிய புறப்பக்கம் நீட்டப்படுகிறது. நசுக்கத்தைத் தாங்கும் மரங்கள் சில உண்டு. நீட்சியைத் தாங்குவனவும் சில உண்டு. இரண்டையும் ஒருங்கே தாங்கி, விட்டவுடன் விரைந்து நிமிரும் மரம் அரிது. ஓசேஜ் ஆரஞ்சு அவ்வரிய மரங்களுள் ஒன்று. அதன் நெருங்கிய, கனத்த வைரமே அதற்குக் காரணம்.

குளிர்காலத்தில் மரத்தை வெட்டுவார்கள். அறுப்பதில்லை, ஆப்பு அடித்து நீளவாக்கில் பிளப்பார்கள். வாள் தன் போக்கில் செல்லும். பிளவோ மரத்தின் நாரைத் தழுவிச் செல்லும். பிளந்த துண்டின் இரு முனைகளிலும் பசை பூசி, ஓராண்டோ அதற்கு மேலோ நிழலில் உலர விடுவார்கள். பூசாமல் விட்டால் முனைகளில் வெடிப்பு ஓடிவிடும்.

அடுத்தது ஆண்டு வளையத்தைத் தேடும் வேலை. பட்டையையும் அதன் கீழுள்ள வெண்மையான வெளிறையும் நீக்கினால் பொன்னிற வைரம் தோன்றும். மரம் ஆண்டுக்கொரு வளையமாகப் பருத்தது அல்லவா? ஒவ்வொரு வளையத்திலும் இளவேனிலில் வளர்ந்த பகுதி நுண்துளைகள் நிறைந்து பொருபொருவென்று இருக்கும். கோடையில் வளர்ந்தது கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். இருபுறமும் பிடியுள்ள கத்தியால் இழுத்து இழுத்துச் சீவி, ஒரே ஓர் ஆண்டின் கெட்டிப் பகுதியை முனை முதல் முனை வரை வில்லின் புறமாக நிறுத்த வேண்டும். துளைப் பகுதியில் கத்தி படும்போது நொறுங்கும் ஓசை கேட்கும். கெட்டிப் பகுதியில் அவ்வோசை அடங்கிவிடும். கண்ணை விடக் காதுக்கே இங்கு வேலை மிகுதி. கணு வரும் இடத்தில் வளையம் மேடாகும். கத்தியும் மேடேற வேண்டும். நேராகச் சீவி அழகு செய்ய முயன்று வளையத்தை ஓரிடத்தில் அறுத்துவிட்டால், வில் என்றேனும் ஒரு நாள் அவ்விடத்திலேயே முறியும். ஆதலால் இம்மர விற்கள் பல பாம்பு போல் நெளிந்திருக்கும். அது குறையன்று, மரம் சொன்னபடி செய்ததன் அடையாளம்.

புறம் அமைந்த பின் அதைத் தொடுதல் கூடாது. இனி வேலையெல்லாம் அகப்பக்கத்தில்தான். அரத்தால் சிறிது அராவுவது. நாணைச் சில அங்குலம் இழுத்து நோக்குவது. மேற்கையும் கீழ்க்கையும் ஒத்து வளைகின்றனவா என்று ஆராய்வது. விறைப்பாக நிற்கும் இடத்தில் மட்டும் மீண்டும் சுரண்டுவது. ஓரிடம் மிகுதியாக வளைந்தால் அவ்விடத்தை விட்டு மற்ற இடங்களையெல்லாம் மெலிவிக்க வேண்டும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட வழியில்லை. அவசரக்காரர்க்கு ஏற்ற தொழில் அன்று இது. இவ்வாறு அங்குலம் அங்குலமாக 28 அங்குல இழுப்பு வரை கொண்டு வருவதற்குள் பல நாட்கள் கழிந்துவிடும். குதிரை மீதிருந்து எய்வோர்க்கு வில் குட்டையாக, ஏறத்தாழ நான்கடியே இருக்க வேண்டும். குட்டை வில் எளிதில் முறியுமாதலால் புறத்தில் விலங்குகளின் தசைநாரைப் பசையிட்டு ஒட்டி வலுவூட்டினார்கள். குதிரை விலை ஏன் என்பது இப்போது விளங்கும்.

மரத்தின் பெயரிலுள்ள ஓசேஜ் என்பது ஒரு தொல்குடியின் பெயர். அம்மக்கள் இதில் வில் செய்தார்கள். பிற குடிகளோடு வாணிகமும் செய்தார்கள். வெள்ளையர் இம்மரத்தில் கண்ட பயன் வேறு. முட்கள் நிறைந்த இதனை நெருக்கி நட்டுக் கத்தரித்துவிட்டால் மூன்றே நான்கு ஆண்டுகளில் குதிரையும் தாண்டாத, எருதும் முட்டித் தள்ளாத, பன்றியும் நுழையாத வேலியாகிறது. 1840களுக்குப் பின் புல்வெளி நாடெங்கும் இவ்வேலி படர்ந்தது. கான்சாஸ் மாநிலத்தில் மிகவும் படர்ந்தது. அதே காலத்தில் ஓசேஜ் மக்கள் நிலம் இழந்துகொண்டிருந்தார்கள். 1808, 1825 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் மிசௌரியும் ஆர்க்கன்சாஸும் கைவிட்டுப் போயின. கான்சாஸில் எஞ்சியிருந்த நிலத்தையும் விட்டு, 1872இல் ஓக்லஹோமாவில் தம் பணத்தாலேயே வாங்கிய நிலத்திற்குப் பெயர்ந்தார்கள். அவர்கள் விட்டு வந்த மண்ணில், அவர்கள் பெயர் கொண்ட மரம் பிறர் வயலுக்கு எல்லையாக நின்றது.

1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்த பின் உயிர்வேலியின் காலம் முடிந்தது. மரத்தின் காலம் முடியவில்லை; அந்த முள்கம்பியைத் தாங்கும் கம்பங்களுக்கும் மண்ணில் உளுத்துப்போகாத இம்மரமே உதவியது. 1934இல் தொடங்கிய காற்றுத் தடுப்பு மரத் திட்டத்திலும் இது நடப்பட்டது.

இன்று பெரும்பண்ணைகளில் பழைய வேலி வரிசைகளை இயந்திரங்களால் பிடுங்கிக் குவித்து எரித்துவிடுகிறார்கள். கையால் வில் செய்வோர் அங்கே உழவர்களிடம் சென்று, நெருப்பு வைக்குமுன் நேரான அடிமரம் நான்கைந்து தரமுடியுமா என்று கேட்டு வாங்கிச் செல்கிறார்கள்.