கண்ணாடி இழையும் மின்சாரக் கணக்கும்

ஆலையில் மின்சாரச் செலவு ஏறினால் கூலியில் கை வைக்க நினைக்கும் முதலாளிமார்களை நாம் ஒன்று கேட்கிறோம். மின்சாரம் எங்கே வீணாகிறதென்று அளந்து பார்த்தீர்களா?

காற்றழுத்த யந்திரம் தரும் காற்றில் 100க்கு 20, 30 பங்குகூடக் குழாய்க் கசிவில் போய்விடுவதுண்டு. யந்திரந்தோறும் மீட்டர் வைத்து, கணக்கைக் கண்ணாடி இழை வழியே ஓரிடத்தில் சேர்த்தால், வேலையில்லா நேரத்திலும் மின்சாரம் தின்னும் யந்திரம் எதுவென்று உடனே தெரியும். செம்புக் கம்பியானால் பெரிய மோட்டார்களின் மின்காந்தத் தொல்லை புகுந்து கணக்கைக் குழப்பக்கூடும். கண்ணாடியில் செல்வது ஒளியாதலால் அத்தொல்லை இல்லை. சுத்தமான கண்ணாடியில் ஒளி வெகுதூரம் செல்லுமென்று 1966ல் சார்லஸ் காவோவும் ஹாக்கமும் எடுத்துக்காட்டியதன் பலன் இது.

ஆனால் இழை ஓட்டையைக் காட்டுமே ஒழிய அடைக்காது, அடைப்பவன் தொழிலாளியே. ஆகவே அக்கணக்கை முதலாளி அறையில் பூட்டாமல், தொழிலாளியும் பார்க்கும்படி வைக்க வேண்டுமென்பதே நமது அபிப்பிராயம்.