பளபளப்பை மூடுகிறவர்கள் பக்கம்

புது வண்டி வாங்கி வந்து, மாலை சாத்தி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிய நாலு மாதத்துக்குள், அதன் ஜன்னல் விளிம்புகளிலும் முகப்பு கிரில்லிலும் கதவுக் கைப்பிடிகளிலும் மின்னுகிற குரோமியப் பட்டைகளின் மேல் கறுப்பு வினைல் படலத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்தே ஒட்டி மறைத்துவிடுகிற பழக்கம் நம் இளைஞர்களிடையே பரவிவருவதைக் கண்டு பெரியவர்கள் பலர் மனம் வருந்துகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய அலங்காரத்தை மூடுவானேன் என்பது அவர்கள் கேள்வி. மங்கலமான பொருளுக்குக் கறுப்பு எதற்கு என்ற சங்கடமும் அதில் கலந்திருக்கிறது. அந்தச் சங்கடத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் நியாயம் இளைஞர்களின் பக்கம் இருக்கிறது என்பதும், அந்த வேலையைத் தம் கையாலேயே செய்துகொள்வதில் தனிச் சிறப்பு இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் குரோமியம் அதன் அங்கமாக இருக்கவில்லை. ஆதியில் பித்தளையும், பிறகு நிக்கலுமே விளக்குகளிலும் ரேடியேட்டர் கூட்டிலும் பளபளத்தன. அடிக்கடி தேய்த்து மெருகேற்றாவிட்டால் அவை மங்கிப்போகும். அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டை ஒட்டி ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் குரோமிய முலாம் வந்தபோது, தேய்க்காமலே மங்காதிருக்கும் மினுக்கு என்பது மெய்யாகவே பெரிய சௌகரியமாயிற்று. அந்தச் சௌகரியம் சுமார் முப்பது வருஷத்தில் ஆடம்பரமாகப் பெருத்து, 1958ஆம் ஆண்டு வெளிவந்த ப்யூக் வண்டியின் முகப்பில் மட்டும் 160 குரோமியச் சதுரங்களைப் பதிக்கும் அளவுக்குப் போயிற்று. விசேஷம் என்னவென்றால், அதே 1926இல், அதே தேசத்தில், ஓஹையோ மாகாணத்து ஏக்ரன் நகரில் பி.எஃப். குட்ரிச் கம்பெனியின் ரசாயன நிபுணர் வால்டோ செமன், விறைத்து நொறுங்கும் பி.வி.சி.யை வளைந்து கொடுக்கும் வினைலாக மாற்றும் வழியைக் கண்டுபிடித்தார். மினுக்கும் அதை மூடும் பொருளும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை.

அந்த மினுக்குக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை வண்டி வாங்குகிறவர் யோசிப்பதில்லை. நாம் குரோமியம் என்று வியக்கும் பரப்பில் குரோமியம் இருப்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனத்தில். ஒளியையும் வழவழப்பையும் பெரும்பாலும் கொடுப்பது அதன் அடியிலுள்ள நிக்கல். அந்த மெல்லிய ஏட்டைப் படியவைப்பதற்காக மின்சாரம் பாய்ச்சும் தொட்டிகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் மனிதர்க்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று ஐயமின்றி நிறுவப்பட்ட பொருள். தொட்டியிலிருந்து எழும் நுண்துளிகளை நாள்தோறும் சுவாசித்த தொழிலாளரின் நாசித் தண்டில் துளை விழுவது அத்தொழிலின் பழைய, பிரசித்தமான வியாதி. ஐரோப்பிய யூனியன் 2017ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அதை விசேஷ அனுமதியின்றிப் பயன்படுத்தலாகாது என்று கட்டுப்படுத்தியது. கலிபோர்னியா மாகாணம் அலங்கார முலாமில் அதன் உபயோகத்தை 2027இலிருந்து நிறுத்துவதென்று 2023இல் தீர்மானித்தது. இது நமக்குத் தூரதேசத்துச் செய்தி அன்று. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு பல்லாண்டுகளாகக் குவிந்து கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை வட ஆர்க்காட்டு மக்கள் அறிவார்கள். அது கார்களுக்கு முலாம் பூசிய ஆலை அல்ல. ஆனால் அதே உலோகம், அதே விஷ ரூபம். ஏற்கெனவே பூசிவிட்ட முலாமை மூடுவதால் அதைப் பூசிய தொழிலாளிக்குப் பயன் ஒன்றும் இல்லையே என்றால், மெய்தான்; ஆனால் ஜனங்களின் ரசனை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே ஆலைகளும் திரும்புகின்றன, அந்த ரசனை இன்று வீட்டு வாசல்களில் மாறிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்கு இந்த மினுக்கு பொருந்துவதும் இல்லை. சித்திரை நடுப்பகலில் சிக்னலில் நிற்கும்போது, முன்னால் நிற்கும் வண்டியின் டிக்கிப் பட்டையில் பட்டுத் தெறிக்கும் சூரியன் கண்ணைக் கூசவைப்பதை இரு சக்கர வண்டிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரக் குடியிருப்புகளிலோ, உப்புக் காற்று முலாமின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே உள்ளே இறங்கி, நிக்கலை அரித்து, மினுக்கின் நடுவே புள்ளி புள்ளியாகத் தழும்பு எழுப்பிவிடுகிறது.

இனி, செய்யும் முறை. ஜன்னலின் அடியில் ஓடும் பட்டைதான் கைபழகுவதற்கு ஏற்றது; நீண்டும் ஏறக்குறைய நேராகவும் இருப்பதால் அது ஆரம்பக்காரரைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் கண்ணாடி ரப்பருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடுக்கில் வருஷக்கணக்கில் படிந்த மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கின்றன. ஷாம்பூ போட்டுக் கழுவியதும் வேலை முடிந்தது என்று எண்ணாமல், நூல் உதிராத துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டின் முனையில் சுற்றி, அந்த இடுக்கை அங்குலம் அங்குலமாகத் துடைத்து, துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரையில் விடாமல் செய்கிறவனுடைய படலமே நிலைத்து ஒட்டும். அவசரக்காரனுடையது முதல் மழையிலேயே விளிம்பில் வாய் பிளக்கும். பட்டையைக் காட்டிலும் ஒரு விரற்கடை அகலமாகப் படலத்தை நறுக்கி, ஒரு முனையில் பொருத்தி, இழுக்காமல், தளரவும் விடாமல் பிடித்துக்கொண்டு, துணி விளிம்பிட்ட ஸ்க்யூஜியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிப் படியவைக்க வேண்டும். மிச்ச விளிம்பைத் தலையணை உறையின் மடிப்பைச் சொருகுவது போல் ரப்பரின் அடியில் சொருகிவிட்டால் பார்வைக்கு ஒட்டிய அடையாளமே தெரியாது.

பின்கதவின் கோடியில் பட்டை மேலே திரும்புகிற இடம்தான் சாமர்த்தியத்தைச் சோதிப்பது. அங்கே சுருக்கம் விழுந்தால் அழுத்தித் தேய்ப்பது வீண். படலத்தைப் பின்னால் எடுத்து, சூடு காட்டி, அது இளகி வளைவைத் தானே தழுவும்படி விட வேண்டும். ஒட்டி முடித்த பிறகு ஓரங்களுக்கு மறுபடியும் ஏறக்குறைய 90 டிகிரி செல்ஷியஸ் சூடு காட்டுவது அவசியம். இல்லையேல் இழுபட்ட வினைல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்க்கும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இக்கால வண்டிகளின் கிரில்லில் உலோகம் போல் தோன்றுவது பெரும்பாலும் முலாம் பூசிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக், சுமார் 100 டிகிரியில் அது இளகத் தொடங்கிவிடும் ஆகையால் ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பிளேடைப் புதிதாக மாற்றிக்கொண்டு, வண்டியின் பெயிண்ட் மீது ஒருபோதும் அழுத்தாமல் நறுக்க வேண்டும். முன் சின்னத்தின் பின்னே ரேடார் பொருத்திய வண்டிகளில் அந்தச் சின்னத்தைத் தொடாமலே விட்டுவிடுவது உத்தமம்.

படலத்திலும் இருவகை உண்டு. உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கிய காலண்டர் வகை விலை மலிவு. ஆனால் வெயிலில் சுருங்கும். திரவமாக வார்த்து உலர்த்திய காஸ்ட் வகை மெல்லியது, பசையோடு சேர்த்தே ஏறக்குறைய 90 மைக்ரான். வளைவுகளில் அதுவே படிந்து நிற்கும். இதில் சிக்கனம் பார்ப்பது தவறு.

எனக்கும் இதில் ஆட்சேபங்கள் உண்டு. கிழித்தெறிந்த வினைல் மண்ணில் மக்காது. ஆகவே பருவத்துக்கு ஒரு நிறம் என்று மாற்றிக்கொண்டிருப்பதை நான் ஆதரிக்கவில்லை. வண்டியின் நிறமே மாறும்படி முழுதும் ஒட்டுவது வேறு விவகாரம். அதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும். முலாம் ஏற்கெனவே பொருக்குவிட்டு உரியத் தொடங்கிய பட்டையில் ஒட்டினாலும் பயனில்லை. மேடுபள்ளம் அப்படியே மேலே தெரியும், என்றேனும் படலத்தை எடுக்கும்போது முலாமும் அதனுடன் வந்துவிடும். அம்பாசடர், சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளின் எஃகு பம்பர்களை இன்னமும் சிரத்தையோடு மெருகேற்றி வைத்திருப்பவர்களோ அவற்றின் மேல் எதையும் ஒட்டலாகாது. அந்த மினுக்கு அக்காலத்தின் அங்கம். அதைக் காப்பாற்றுவது கடமை.

பெயிண்ட் அடிப்பதைக் காட்டிலும் இந்த முறையை நான் உயர்வாகக் கருதுவதற்குக் காரணம், இது மீளக்கூடியது என்பதே. முலாம் நன்றாக இருக்கும் பட்சத்தில், சில வருஷம் கழித்து மனம் மாறினாலும், வண்டியை விற்க நேர்ந்தாலும், சூடு காட்டி மெதுவாக உரித்துப் பசையைத் துடைத்தால் அடியில் பட்டை இருந்தபடியே இருக்கும்.

வருத்தத்துக்குரியது வேறொன்று. டாடா கம்பெனி 2019இல் ஹாரியர் வண்டியை டார்க் எடிஷன் என்று கறுப்பாக்கி விற்கத் தொடங்கியது முதல், மற்றக் கம்பெனிகளும் குரோமியத்தை நீக்கிய வண்டிகளுக்கு விசேஷப் பெயர் சூட்டி, அதிக விலை வைத்து விற்கின்றன. விஷத் தொட்டியில் முக்காத ஒரு பட்டைக்கு அதிக விலை ஏன் என்று வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். பட்டையும் கிரில்லும் சாதாரணக் கறுப்பில் வேண்டுவோர் அதே விலைக்குப் பெறும் வசதியை ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வண்டி செய்யும் கம்பெனிகள் ஏற்படுத்தித் தருவது நியாயம். அது வரும் வரையில், ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு கடைகளில் மீட்டர் கணக்கில் படலம் வாங்கும் இளைஞர்கள் அது காஸ்ட் வகைதானா என்று கேட்டு வாங்கட்டும். விளிம்பைத் துடைப்பதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை முழுதும் ஒதுக்கட்டும்.