பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பட்டம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பள்ளிப்பாளையம், குமாரபாளையம் வீடுகளில் ஒரு பஞ்சாயத்து தொடங்கிவிடும். பையனோ பெண்ணோ பி.எஸ்சி. இயற்பியல், வேதியியல் என்று ஏதோ ஒன்றைக் கேட்கிறது. இந்தக் கரையிலேயே சேர்ப்பதா, பாலம் தாண்டி ஈரோட்டில் சேர்ப்பதா? "ஆத்துக்கு அக்கட்டால சேத்துனா பாரதியார் யுனிவர்சிட்டி சர்டிபிகேட்டுங்க, இங்கன்னா பெரியார் யுனிவர்சிட்டி" என்று ஒரு மாமா தீர்ப்புச் சொல்வார். கோயமுத்தூர்ப் பெயருக்கு மவுசு அதிகம் என்பது அவருடைய வாதம். ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் சேலத்திலும் இதே வழக்கு வேறு வேறு ஊர்ப் பெயர்களோடு நடக்கிறது. சான்றிதழின் தலையில் எந்தப் பல்கலைக்கழகம் என்பதுதான் மூன்று வருடப் படிப்பின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு அடிப்படையே கிடையாது. வீட்டுக்குச் செலவும் பிள்ளைக்கு நஷ்டமும்தான் மிச்சம்.

முதலில் இந்த எல்லை எப்படி வந்தது என்று பார்ப்போம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பாரதியாருக்கு. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பெரியாருக்கு. நடுவில் காவிரி. ஈரோட்டில் பிறந்த பெரியாரின் பெயர் சேலம் கருப்பூரில் இருக்கிறது, எட்டயபுரத்துப் பாரதியின் பெயர் ஈரோட்டுச் சான்றிதழில் அச்சாகிறது. (1921-ல் பாரதி வந்து பேசிய கருங்கல்பாளையம் பாலத்தின் மேற்குக் கரை ஊர்தான் என்பதால் அவருக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.)

1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் தொடங்கும்வரை இரண்டு கரையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன. அதன்பின் மேற்குக் கரை மட்டும் மாறியது. கிழக்குக் கரைக் கல்லூரிகள் 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வரும்வரை, இன்னும் 15 வருடம் சென்னையோடுதான் இருந்தன. அந்த 15 வருடமும் குமாரபாளையத்தில் படித்தவனுக்கு இந்தியாவின் மிகப் பழைய பல்கலைக்கழகங்களில் ஒன்றின் பட்டம் கிடைத்தது. பிறகு புதுப் பல்கலைக்கழகத்தின் பெயர் வந்தது. வகுப்பறை அதேதான். வாத்தியார் அவரேதான். பியூரெட்டும் பிப்பெட்டும் அதே அலமாரியில்தான் இருந்தன. மாமாவின் கணக்குப்படி, பெயர்ப் பலகை மாறிய வருடம் டைட்ரேஷனின் தரமும் சரிந்திருக்க வேண்டும். அப்படிச் சொல்ல அவருக்கே வாய் வராது.

இணைப்புக் கல்லூரி மாணவனுக்குப் பல்கலைக்கழகம் செய்வதெல்லாம் என்ன? பாடத்திட்டம் வகுக்கிறது, வினாத்தாள் அனுப்புகிறது, விடைத்தாள் திருத்த ஏற்பாடு செய்கிறது, பட்டம் தருகிறது. தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் தேர்வும்கூடக் கல்லூரியின் கையில்தான். பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது பட்டம் மட்டும். பாடத்திட்டத்திலாவது பெரிய வேறுபாடு உண்டா என்றால், 2023-ல் மாநில உயர்கல்வி மன்றம் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்து, அதில் முக்கால் பங்கு எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றது. தன்னாட்சிக் கல்லூரிகள் முணுமுணுத்தன, அது தனிக்கதை. நாமக்கல்லில் பதிந்த லாரிக்கு டி.என். 28, ஈரோட்டில் பதிந்த லாரிக்கு டி.என். 33. நம்பரைப் பார்த்து இன்ஜினுக்கு விலை பேசுகிற லாரிக்காரர் எவரும் இந்தப் பக்கம் இல்லை. பிள்ளையின் படிப்பு என்று வரும்போது மட்டும் அந்த விவரம் எங்கே போகிறது?

"தரவரிசை இருக்கிறதே" என்பார்கள். 2016-லிருந்து மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் பல்கலைக்கழகங்களுக்கு நூற்றுக்கு 30 மதிப்பெண் ஆராய்ச்சிக்கே போகிறது. அந்த ஆராய்ச்சி பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகத்தில், முதுகலை மாணவர்களையும் முனைவர் பட்ட மாணவர்களையும் வைத்து நடப்பது. இணைப்புக் கல்லூரிகள் அந்தக் கணக்கில் சேராது. கல்லூரிகளுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. நாக் தரச்சான்றும் அப்படித்தான், பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, கல்லூரிக்கு வேறொன்று. கோவை மருதமலை அடிவாரத்தில் யாரோ எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைத்த இடத்தை நம்பி, அந்த வளாகத்தில் ஒரு நாளும் காலடி வைக்கப்போகாத பிள்ளையை ஈரோட்டில் சேர்க்கிறோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நாமக்கல்காரர்களுக்குத் தெரியும். பள்ளியையும் நாம் இப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். பஸ் ஸ்டாண்டு முழுக்க 1190, 1188 என்று எண்களோடு சிரிக்கும் முகங்களின் பிளெக்ஸ். அதைப் பார்த்து விடுதிப் பள்ளியில் பணம் கட்டினோம். அங்கே பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே மனப்பாடம் செய்ய வைத்தது ஊரறிந்த ரகசியம். 2017-ல் அரசு முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தியது, அடுத்த கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. பலகை போனது, பலகையைப் பார்க்கும் கண் போகவில்லை. அடிப்படை விசையியலையும் கரிம வேதியியலின் தொடக்கத்தையும் தாண்டிக் குதித்து வந்த பிள்ளைக்குக் கல்லூரியில் தேவைப்படுவது பொறுமையான ஒரு வாத்தியார். நாம் தேடுவது பெயர்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யிலோ திருப்பதி, திருவனந்தபுரம் ஐசர்களிலோ இளநிலையில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பலாம். அங்கே பெயரும் ஆய்வகமும் வாத்தியாரும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. முதுகலைக்குப் பல்கலைக்கழக வளாகத்திலேயே சேரும்போதும் இரண்டு பல்கலைக்கழகங்களை ஒப்பிடுவது நியாயம். ஆனால் அப்போதும் பார்க்க வேண்டியது துறையைத்தான். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைக்காமல் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து 1971-ல் தேறினார். அந்தத் துறை அப்போதுதான் பழைய பாடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெர்க்லி இயற்பியல் பாடநூல்களையும் ஃபைன்மன் விரிவுரைகளையும் வைத்து நடத்தத் தொடங்கியிருந்தது. முனைவர் பட்டத்துக்குப் போன ஓஹையோ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் பெரிய பெயர்களில் சேராது. 2009-ல் வேதியியல் நோபல். ஒரு நோபலை வைத்துப் பொது விதி எழுத முடியாதுதான். பெயரை வைத்தும் எழுத முடியாது என்பதற்கு அது போதும்.

மேற்படிப்புக் கதவுகளும் பெயரைக் கேட்பதில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட், பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட்: எல்லாமே எழுதியவனின் மதிப்பெண்ணைத்தான் பார்க்கின்றன. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளும் கல்லூரியைப் பார்த்துத்தான் வருகின்றன. கல்யாணப் பத்திரிகையிலாவது உதவுமா என்றால், அங்கேயும் பி.எஸ்சி. என்றுதான் அச்சடிக்கிறார்கள்.

எந்தப் பட்டியலும் சொல்லாத ஒன்று காலடியில் கிடக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் அனார்த்தோசைட் என்ற பாறை உண்டு. நிலவின் மேட்டு நிலப் பாறைக்கு நெருக்கமான கலவை. சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதிக்க இஸ்ரோ செயற்கை நிலவு மண் தயாரித்தது இந்தப் பாறையிலிருந்துதான். அதில் பெரியார் பல்கலைக்கழகப் புவியமைப்பியல் துறைக்கும் பங்கு உண்டு. கஞ்சமலை இரும்புத் தாது, சேலத்து வெள்ளைக்கல், சேர்வராயன் மலை பாக்சைட், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல் எல்லாம் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் அடங்கும். கல்லைப் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையையும் "புவியமைப்பியல் படிச்சு என்ன பண்றது, கோயமுத்தூர்ல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சேரு" என்று பஸ் ஏற்றுகிறோம். வேதியியல் படிக்கும் பிள்ளைக்குக் குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகளின் கழிவுநீர் பக்கத்திலேயே ஓடுகிறது. நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளையைச் சுற்றிக் கோழிப்பண்ணைகள். பல்கலைக்கழகப் பெயரைத் தேடுபவர்கள் இதையெல்லாம் காட்ட மாணவர்களை வெளியே அழைத்துக்கொண்டு போகும் துறை எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதில்லை.

விசாரிக்க வேண்டியது கல்லூரியின் அந்த ஒரு துறையை. நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர், வருடா வருடம் ஆள் மாறுகிறார்களா, போன வருடம் முடித்தவர்களில் எம்.எஸ்சி. போனவர் யார். ஹெச்.ஓ.டி. இதற்கெல்லாம் நல்லபடியாகத்தான் பதில் சொல்வார், அதனால் அவரோடு நிறுத்தாதீர்கள். சேர்க்கை நேரத்தில் ஆய்வகம் பூட்டிக் கிடக்கும். காட்டினாலும் துடைத்து வைத்த மேசையைத்தான் காட்டுவார்கள். இரண்டாம் வருட மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்து இயற்பியல் ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்கள். ஒரே சோதனைக்கு இரண்டு நோட்டிலும் மூன்றாம் தசமம்வரை ஒரே அளவீடு இருந்தால், அங்கே யாரும் ஸ்பெக்ட்ரோமீட்டரைத் தொடவில்லை, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அளவீடுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்து, அடித்துத் திருத்திய பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் 'மறுபடி செய்' என்று எழுதியிருந்தால், எந்தக் கரையாக இருந்தாலும் அங்கே பணத்தைக் கட்டிவிடலாம்.