சூறாவளியும் கப்பலும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. இங்கே வங்கிகளுக்கு அக்டோபர் 31-இல் ஆண்டுக் கணக்கு முடியும். அந்தச் சமயத்தில் என்னைப் போன்ற ஆட்களுக்கு வீடு எது ஆபீஸ் எது என்றே தெரியாது. இன்றைக்கு எழுத உட்கார வைத்தது பையனின் பள்ளிக்கூடப் புராஜெக்ட்.

"கனடாவின் நாயகன் ஒருவரைப் பற்றி ஒரு அட்டை செய்து வா" என்று டீச்சர் சொல்லிவிட்டார். இவன் ஐஸ் ஹாக்கிப் பைத்தியம். தேடிப்பிடித்த ஆள் சைக்ளோன் டெய்லர். பின்பக்கமாகவே சறுக்கிப் போய் கோல் போடுவேன் என்று சவால் விட்டவராம். அப்படிப் போட்டாரா இல்லையா என்று நூறு வருடம் கழித்தும் சண்டை நடக்கிறது. பதினோரு வயசுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்?

நான் பூவார்க்காரன். நெய்யாறு கடலில் விழுகிற பொழியும் அந்த மணலும்தான் எனக்குத் தெரிந்த விளையாட்டரங்கம். பக்கத்தில் பொழியூர், சந்தோஷ் டிராபிக்கு ஆட்களை அனுப்பியே பெயர் வாங்கிய ஊர். அங்கே காலில் பந்து நின்றால் அடுத்து வீட்டில் பேசுவது வேலையைப் பற்றித்தான். போலீஸ், மின்வாரியம், பழைய ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் (2017-இல் அது ஸ்டேட் வங்கியோடு சேர்ந்துவிட்டது) என்று எதிலாவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஏறிவிட வேண்டும். பந்து உருட்டத் தெரியாத நான் பி.காம். படித்து, பரீட்சை எழுதி வங்கிக்குள் வந்தேன். அது வேறு கதை. :-)

அதனால் டெய்லரின் கதையைப் படிக்கும்போது, அட, நம்ம ஊர் ஆள் மாதிரி இருக்கிறாரே என்று தோன்றியது.

ஒன்டாரியோவில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்து லிஸ்டோவல் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர் பிரெட் டெய்லர். அப்போது இந்த ஆட்டத்துக்குக் காசு வாங்குவது கேவலம் என்று கனடாவில் பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். டொராண்டோ அணிக்கு ஆட மாட்டேன் என்றதால் மாகாணச் சங்கம் இவரை ஆடவே விடவில்லை. 1906-இல் அமெரிக்காவில் மிச்சிகன் பக்கம் ஹாட்டன் என்ற சுரங்க ஊருக்குப் போனார். வெளிப்படையாகக் கூலி கொடுத்து ஆட வைத்த முதல் லீக் அங்கேதான் இருந்தது. அவருக்குக் கிடைத்தது 400 டாலரும் செலவும்.

அடுத்து ஒட்டாவா கூப்பிட்டது. 500 டாலர் சம்பளம். ஆனால் அவரை இழுத்தது அதுவல்ல, கூடவே வந்த மத்திய அரசு உத்தியோகம். குடியேற்றப் பிரிவில் குமாஸ்தா, மாதம் 35 டாலர். பார்த்தீர்களா, அச்சு அசல் ஸ்போர்ட்ஸ் கோட்டா! கவர்னர் ஜெனரல் ஏர்ல் கிரே இவர் ஆடுவதைப் பார்த்துவிட்டு சூறாவளி என்று சொன்னதாகவும், அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டதாகவும் கதை. 1909-இல் ஒட்டாவாவுக்கு ஸ்டான்லி கோப்பை.

அதே வருடக் கடைசியில் ரென்ஃப்ரூ என்ற சின்ன ஊரின் பணக்காரர்கள் இவரை 5,250 டாலருக்கு எடுத்தார்கள். ஆடியது 12 ஆட்டம். வகுத்துப் பார்த்தால் ஆட்டத்துக்கு 437 டாலர் 50 சென்ட். பேஸ்பால் ராஜா டை காப் அப்போது 154 ஆட்டத்துக்கு 6,500 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார். தொழில்முறை விளையாட்டு வீரன் என்றால் என்ன விலை என்று கனடாவுக்குக் காட்டியவர் டெய்லர்தான். 1912-இல் வான்கூவர் மில்லியனேர்ஸ் அணிக்குப் போனார். 1915 மார்ச்சில் அவர்கள் ஒட்டாவாவை மூன்று ஆட்டத்திலும் துவைத்து ஸ்டான்லி கோப்பையை வாங்கினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை வான்கூவருக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை.

இதுவரைக்கும் பையனின் அட்டையில் ஏறிவிட்டது. கலர் பேனா, ஒட்டுப்படம் எல்லாம் அமர்க்களம். மிச்சத்தை நான்தான் படித்துத் தொலைத்தேன்.

வான்கூவரிலும் அவர் குடியேற்ற அதிகாரிதான். 1914 மே 23 அன்று கோமகட்டா மாரு கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. 376 பேர், பெரும்பாலும் சீக்கியர்கள், எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அந்தக் கப்பலில் முதலில் ஏறிய குடியேற்ற அதிகாரி சைக்ளோன் டெய்லர்.

சொந்த நாட்டிலிருந்து எங்கும் மாறாமல் ஒரே டிக்கெட்டில் வர வேண்டும் என்று 1908-இல் ஒரு விதி போட்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பலே கிடையாது, இருக்கவும் விடவில்லை. அதோடு ஆசியர்கள் கையில் 200 டாலர் காட்ட வேண்டும். டெய்லரின் பழைய குமாஸ்தா சம்பளத்தில் கிட்டத்தட்ட ஆறு மாதக் காசு. ரென்ஃப்ரூ சம்பளத்தில் பார்த்தால் ஒரு ஆட்டக் காசில் இரண்டு பேர் கரையேறலாம். (கணக்குப் போடுகிற புத்தி விடாது.) இரண்டு மாதம் நடுக்கடல் மாதிரி நிறுத்தி வைத்து, இருபத்து நான்கு பேரைத் தவிர மற்றவர்களை ஜூலை 23 அன்று போர்க்கப்பல் துணையோடு திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பரில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பட்ஜ் பட்ஜில் இறங்கியவர்கள் மேல் பிரிட்டிஷ் அரசு சுட்டது, சுமார் இருபது பேர் செத்தார்கள். கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2016-இல்.

"குழந்தை புராஜெக்ட்டில் இதெல்லாம் எதுக்கு?" என்றார் வீட்டம்மா. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விதியைப் போட்டது டெய்லர் இல்லை. அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நானும் அப்படித்தானே? போன மாதம் நம்ம கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன், மாணவன், கடனுக்கு வந்தான். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "அண்ணா, நீங்களா!" என்றான். கம்ப்யூட்டர் காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவனுக்கு விதி தெரியாது, என் முகம்தான் தெரியும்.

ரிங்க்கில் பழக்கமான ஈழத்து அண்ணர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். 2010 ஆகஸ்டில் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 492 தமிழர்களோடு வந்த சன் சீ கப்பலில் இருந்தவர். பிடித்து அடைக்கப்பட்டு, பிறகு வெளியே வந்தவர். ஸ்கேட் கயிறைக் கட்டிக்கொண்டே, "எங்கட கப்பலிலயும் முதல்ல ஏறினவன் ஒருத்தன் இருந்தவன். பேர் தெரியாது. முகம் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். நல்லவனா கெட்டவனா என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டெய்லர் அதே இலாகாவில் ஏறி ஏறி, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் யூகானுக்கும் குடியேற்ற ஆணையராகி 1950-இல் ஓய்வு பெற்றார். 1979-இல் இறந்தார். வான்கூவர் அணி தன் சிறந்த ஆட்டக்காரனுக்குக் கொடுக்கிற விருது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பெயரை எடுத்துவிடு என்று நான் கொடி பிடிக்க வரவில்லை. ஆட்டத்தில் அவர் அதற்குத் தகுதியானவர். நாயகன் என்று அட்டை ஒட்டினால் ஆடிய ஆட்டத்தோடு நாற்பது வருடம் பார்த்த உத்தியோகமும் அதில் இருக்கட்டும் என்கிறேன். நம்ம பிள்ளைகள் செய்கிற அட்டையிலாவது.

பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "அப்பா, நாம எப்படி வந்தோம்?"

திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் மாறி வந்தோம்.

"அப்போ மாறித்தானே வந்தோம்" என்றான். கோப்பைப் படத்துக்குக் கீழே இடமில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் ஒரு கப்பல் வரைந்துகொண்டிருக்கிறான். நாளைக் காலை ஐந்தரைக்கு ரிங்க். நான் தூங்கப் போகிறேன்.