கேரவனில் குளிருக்கு ஹீட்டர்: கரண்ட் எங்கிருந்து வருது என்று முதலில் கேளுங்கள்

மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டுகிற ஊர் நம்முடையது. தஞ்சாவூரில் விடியற்காலை 20 டிகிரிக்கு இறங்கினாலே டீக்கடையில் "என்னா குளிருப்பா" என்று பேச்சு ஆரம்பித்துவிடும். இந்த உடம்பை வைத்துக்கொண்டுதான் பொங்கல் லீவுக்குக் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வண்டி கட்டுகிறோம். இப்போது அதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. ரூம் போட வேண்டாம், கேரவனை வாடகைக்கு எடுத்து அதிலேயே படுத்துக்கொள்ளலாம் என்கிற யோசனை. சினிமா நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி என்று நாம் நினைத்திருந்த கேரவன், இன்று நாலு நண்பர்கள் சேர்ந்து காசு போட்டால் கைக்கு எட்டுகிற சமாச்சாரம். அது கிடைக்காவிட்டால், டெம்போ டிராவலரின் பின்சீட்டுகளைக் கழற்றி மெத்தை போட்டு "கேரவன்" என்று பெயர் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

யோசனையில் தப்பில்லை. ஆனால் வாடகை பேசும்போது "குளிருக்கு ஹீட்டர் இருக்கா?" என்று கேட்கிறோம், "இருக்கு சார்" என்று பதில் வருகிறது, அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி அதற்கு அடுத்தது. அந்த ஹீட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

முதலில் குளிரின் கணக்கு. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதாவது நம் ஊரில் 21 டிகிரியாக இருக்கும் அதே இரவில் அங்கே 8 டிகிரி எதிர்பார்க்கலாம். மேகமில்லாத இரவில், பள்ளமான புல்வெளிகளில் இன்னும் இறங்கும். ஊட்டி பக்கம் தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிவதை ஜனவரியில் வருடாவருடம் செய்திகளில் பார்க்கிறோம். நமக்குப் பொங்கல் லீவு கிடைப்பதும் சரியாக அப்போதுதான்.

இன்வெர்ட்டர்ல அயர்ன் பாக்ஸ் போடுவீங்களா?

வேன் என்பது ஒரு தகரப் பெட்டி. 5 மீட்டர் நீளம், 1.9 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால் கூரை, தரை, பக்கங்கள் எல்லாம் சேர்த்து சுமார் 44 சதுர மீட்டர். வெளியே 8 டிகிரி, உள்ளே 20 டிகிரி வேண்டும் என்றால், வெறும் தகரமும் கண்ணாடியும் மட்டும் உள்ள வண்டியில் தோராயமாக 2,500 வாட்ஸ் வெப்பம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். போகிற அளவுக்கு ஹீட்டர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்கு 25 யூனிட். அதே வண்டியில் ஓர் அங்குலத்துக்கு ஃபோம் ஒட்டி, கண்ணாடிகளுக்குக் கனமான திரை போட்டால் இது 800 வாட்ஸ் பக்கம் வந்துவிடும். ராத்திரிக்கு 8 யூனிட்.

இதில் டெல்டாக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வைக்கோல் போட்டு, கோணிச்சாக்கு போர்த்தி வைத்த பாத்திரம் ஏன் நெடுநேரம் சூடாக இருக்கிறது? வைக்கோலுக்கு இடையில் சிக்கிக்கொண்ட காற்று நகராது, அதனால் சூடும் சீக்கிரம் நகராது. ஃபோம் செய்வதும் அதே வேலைதான். ஹீட்டருக்குச் செலவழிக்கிற காசை முதலில் ஃபோமில் போடுகிற கேரவன் முதலாளியே விவரமானவர்.

இப்போது பேட்டரிக்கு வருவோம். நம் வீட்டில் மாட்டியிருக்கிற 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியில் 12 வோல்ட் கணக்கில் இருப்பது 1.8 யூனிட். அதையும் பாதிக்கு மேல் உறிஞ்சினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். கைக்குக் கிடைப்பது 0.9 யூனிட். 2,000 வாட்ஸ் ஹீட்டரை அதில் மாட்டினால் பேப்பர் கணக்கில் அரை மணி நேரம்கூட ஓடாது. நிஜத்தில் இன்னும் குறையும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 2,000 வாட்ஸ் எடுக்க 170 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒயர் மெலிதாக இருந்தால் ஹீட்டர் சூடாவதற்கு முன்னால் ஒயர் சூடாகும். "லித்தியம் பேட்டரி இருக்கு சார்" என்றால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 200 ஆம்பியர்-ஹவர் லித்தியத்தில் சுமார் 2.5 யூனிட் இருக்கும். ஃபோம் போட்ட வண்டியில் மூன்று மணி நேரம். பத்து மணிக்குப் போட்டால் ஒரு மணிக்கு நின்றுவிடும். குளிர் உச்சத்துக்கு வருவது விடியற்காலை ஐந்துக்கு.

கூரையில் சோலார்? 400 வாட்ஸ் பேனல் நல்ல வெயிலில் நாள் முழுக்க ஒன்றரை யூனிட் கொடுக்கலாம். மலையில் மூடுபனி இருந்தால் அதுவும் இல்லை. போன் சார்ஜுக்கும் லைட்டுக்கும் அது பிரமாதம், ஹீட்டருக்குத்தான் காணாது.

கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில், கரண்ட் இல்லாமல் நாள் கணக்கில் இருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி வீடுகளில் கேட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டரில் என்ன போடலாம், என்ன போடக்கூடாது என்று அங்கே சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஃபேன் போடலாம். லைட் போடலாம். அயர்ன் பாக்ஸும் வாட்டர் ஹீட்டரும் கூடாது. ரூம் ஹீட்டரும் அதே ஜாதிதான்.

ஆபத்து ஆரம்பிக்கும் இடம்

பேட்டரி ஒரு மணிக்கு நின்றுவிடுகிறது. குளிர் நடுக்குகிறது. தூக்கக் கலக்கத்தில் மனிதர்கள் எடுக்கும் முடிவு மூன்றில் ஒன்று: இன்ஜினை ஓடவிடுவது, ஜெனரேட்டரைப் போடுவது, சாயங்காலம் பார்பிக்யூ போட்ட கரியடுப்பை உள்ளே எடுத்து வைப்பது.

2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் திருச்சியிலிருந்து போன இரண்டு இளைஞர்கள் இப்படித்தான் இறந்தார்கள். குளிருக்காகப் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதே வருடம் டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி. போட ஓடவிட்ட ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் புகுந்திருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற மலை ஊரில் கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர், அவர்களில் நான்கு பேர் குழந்தைகள், கேஸ் ஹீட்டர் வைத்த அறையில் இறந்தார்கள்.

மூன்றிலும் கொன்றது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிக்கொண்டு போகும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஆரம்பிக்கும். பயண அலுப்பு என்று நினைத்துப் படுப்போம். தூங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை.

"எங்க ஊர்ல மாட்டுக் கொட்டகையில தினமும் மூட்டம் போடுறோமே, மாடு நல்லாத்தானே இருக்கு" என்று ஒரு கேள்வி வரலாம். கொட்டகை நாலு பக்கமும் திறந்தது. கேரவன், குளிர் வராமல் ரப்பர் பீடிங் வைத்து அடைத்த பெட்டி. குளிரை நன்றாக அடைத்த வண்டியில்தான் புகையும் நன்றாகத் தங்கும்.

ஆகவே, என் கருத்து இதுதான்: வண்டிக்குள் படுக்கிறவர்களுக்கு எலெக்ட்ரிக் ஹீட்டிங்தான் சரியான வழி. அது உள்ளே எதையும் எரிப்பதில்லை. ஆனால் அந்தக் கரண்ட் சுவரிலிருக்கிற பிளக்கிலிருந்து வர வேண்டும். சுவர் பிளக் கிடைக்காத இடத்தில் வண்டியைச் சூடாக்கும் ஆசையை விட்டுவிட்டு, படுத்திருக்கும் ஆளை மட்டும் சூடாக வைக்கப் பார்க்க வேண்டும்.

பிளக் கிடைத்தால்

ஹோம்ஸ்டே வளாகத்தில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து கரண்ட் எடுக்கலாம். 8 யூனிட்டுக்கு, யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 80 ரூபாய். மறைக்காமல் சொல்லி, காசு கொடுத்து எடுங்கள். போன் சார்ஜ் போடுகிற சின்ன பிளக்கில் மாட்டாதீர்கள். அது 6 ஆம்பியருக்கானது, 1,380 வாட்ஸுக்கு மேல் தாங்காது. இரவெல்லாம் அந்த எல்லைக்கு ஒட்டி ஓடினால் உருகும். கீசருக்குப் போடுகிற பவர் பிளக் கேளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் விஷயத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். மைக் செட்டுக்குப் போடும் மெல்லிய ஒயரைச் சுருளாகவே வைத்து ஹீட்டரை ஓட்டினால், அந்தச் சுருளே ஒரு ஹீட்டர். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், மூன்று கோர், முழுவதும் பிரித்துப் போட்டது. மூன்றாவது கோர் எர்த். வண்டி இரும்பு, தரை பனியில் நனைந்திருக்கிறது, சக்கரம் ரப்பர். உள்ளே எங்காவது ஒயர் உரசிப் பாடியில் பட்டால் வண்டி முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். காலையில் பல் தேய்க்க இறங்குகிறவர் ஒரு காலை ஈரத் தரையில் வைத்து, ஒரு கையால் கதவைப் பிடித்திருப்பார். 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும் ஆர்சிசிபி இருந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும். வண்டியில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் 'டெஸ்ட்' பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துவிட்டே படுங்கள்.

எந்த ஹீட்டர் வாங்கலாம் என்பதில் விளம்பரங்கள் நிறையக் குழப்புகின்றன. குவார்ட்ஸ், செராமிக், ஃபேன், ஆயில் எதுவானாலும் ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். "பாதி கரண்ட்ல டபுள் சூடு" என்பது வெறும் பேச்சு. ஹாட் அண்ட் கோல்ட் ஏ.சி. மட்டும் விதிவிலக்கு, வெளியிலிருக்கும் வெப்பத்தை உள்ளே இறைப்பதால் ஒன்றுக்கு இரண்டரை, மூன்று யூனிட் அளவுக்குக் கொடுக்கும். மற்றபடி தேர்வு பாதுகாப்பைப் பொறுத்தது. கம்பி சிவக்கிற குவார்ட்ஸ் ஹீட்டரை மெத்தைக்கு ஒரு முழத்தில் வைக்கிற இடம் கேரவன். அங்கே அது வேண்டாம். தெர்மோஸ்டாட் உள்ள, 1,000 வாட்ஸ் அளவிலான ஆயில் ஹீட்டர் நல்லது. கனமாக இருக்கும், மெதுவாகச் சூடாகும், ஆனால் போர்வை நழுவி மேலே விழுந்தால் உடனே பற்றிக்கொள்ளாது. அதற்காக அதன்மேல் துணி காயப்போடவும் கூடாது.

பிளக் இல்லாத இரவு

தூங்குகிற மனிதர் ஒவ்வொருவரும் 70, 80 வாட்ஸ் வெப்பம் வெளியிடுகிறார். நாலு பேர் படுத்தால் 300 வாட்ஸ். அதை வெளியே விடாமல் பிடித்துவைத்தால் போதும். எலெக்ட்ரிக் போர்வை 60 வாட்ஸ் என்றால் எட்டு மணி நேரத்துக்கு அரை யூனிட்தான். அதே பேட்டரி இப்போது விடியும்வரை வருகிறது. அதைவிட மலிவு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஹாட் வாட்டர் பேக். ராத்திரி சாப்பிடப் போன ஹோட்டலிலேயே சூடு தண்ணீர் வாங்கி நிரப்பிக் கால்மாட்டில் வைத்துக்கொள்ளலாம். சாக்ஸ், குல்லா, அடியில் ஒரு பாய் அல்லது ஃபோம். மேலே மூன்று போர்வை போர்த்தி அடியில் ஒன்றும் இல்லாமல் படுப்பவர்களே குளிரில் அதிகம் அவதிப்படுவார்கள்.

ஜன்னலை முழுக்க அடைக்காதீர்கள். நாலு பேர் மூச்சில் ஒரே இரவில் நிறையத் தண்ணீர் வெளியேறும். குளிர்ந்த தகரத்தில் பட்டு, விடியற்காலையில் மேலே சொட்டும், மெத்தை நனையும், அதன் பிறகு எந்த ஹீட்டரும் உதவாது. கூரை வென்ட்டை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பதால் இழக்கும் சூடு கொஞ்சம்தான்.

கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போக 2024 மே முதல் இ-பாஸ் எடுக்கிறோம். எந்த வண்டி எப்போது மேலே வருகிறது என்று அரசுக்குத் தெரியும். அப்படியிருக்க, கேரவன்களுக்கென்று ஒரு வாகன நிறுத்தம், அதில் மீட்டரோடும் ஆர்சிசிபியோடும் பத்து பவர் பிளக், இது பெரிய செலவா? ஐரோப்பாவின் முகாம்களில் வண்டியை நிறுத்துகிற இடத்திலேயே இந்த பிளக் இருக்கிறது. வாடகைக்கு விடும் ஒவ்வொரு கேரவனிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் என்றும் சொல்ல வேண்டும். எஃப்.சி.க்கு வரும்போது பிரேக்கைப் பார்ப்பதுபோல அதையும் பார்க்கலாம்.

இன்னொருவரும் இருக்கிறார். வடகரையில் இறந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்ல. வண்டியோடு வந்த ஊழியர்கள். நம் பயணங்களிலும், பின்னால் நாலு பேர் எலெக்ட்ரிக் போர்வைக்குள் இருக்க, டிரைவர் அண்ணன் முன்சீட்டைச் சாய்த்து ஒரு துண்டைப் போர்த்திப் படுத்திருப்பார். குளிர் தாங்காமல் இரண்டு மணிக்கு இன்ஜினை ஆன் செய்யப்போவதும் அவர்தான். ஹோட்டல்களில் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடம் வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் சேர்த்துவிட்டார்கள். கேரவனை நிறுத்துகிற மைதானத்துக்கு அந்த விதி போவதில்லை. வாடகை பேசும்போதே கேட்டுவிடுங்கள்: "அண்ணே, நீங்க எங்க படுப்பீங்க? உங்களுக்குப் போர்வை இருக்கா?" இல்லை என்றால் தஞ்சாவூரிலேயே ஒன்று கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.