இரத்த வகை பொருந்தினால் போதுமா?

“அம்மாவுக்குக் கிட்னி கொடுக்க அப்பா தயார். இரத்த வகையும் ஒன்றுதான். இன்னும் எதற்குப் பரிசோதனை?” பண்டமாரான், கிள்ளான் வட்டாரத்தில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போய்வரும் வீடுகளில் எழக்கூடிய கேள்வி இது.

காரணம் இருக்கிறது. கர்ப்பத்தின்போது, குழந்தையிடமுள்ள தந்தையின் திசு அடையாளங்களை அந்நியமாகக் கருதி, தாயின் உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கியிருக்கலாம். இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இப்படி நேரலாம். கணவரின் சிறுநீரகம் வந்ததும் அந்தப் பழைய பகை விழித்துக்கொள்ளும்.

1969-இல் அமெரிக்காவில் பட்டேல், டெரசாக்கி இருவரும் இதைக் கணக்கோடு காட்டினார்கள். கொடையாளரின் அணுக்களுக்கு எதிர்ப்புக் காட்டிய 30 பேரில் 24 பேருக்குப் புதிய சிறுநீரகம் உடனே செயலிழந்தது. எதிர்ப்புக் காட்டாத 195 பேரில் 8 பேருக்கு மட்டுமே அப்படி ஆனது. அந்தச் சோதனைதான் ‘கிராஸ்மேட்ச்’.

மலேசியாவின் முதல் சிறுநீரக மாற்று 1975-இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. உடனடி நிராகரிப்பு இன்று அரிது. பல ஆண்டுகள் கழித்துப் புதிதாக உருவாகும் எதிர்ப்பொருள்தான் இப்போதைய கவலை. வலி இருக்காது, காய்ச்சலும் இருக்காது. சிறுநீரில் புரதம் கசியும், கிரியேட்டினின் மெல்ல ஏறும்.

மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். தீபாவளியானாலும் வெளியூர்ப் பயணமானாலும் வேளை தவறக் கூடாது. அப்படி உருவாகும் எதிர்ப்பொருள் கிடைத்த சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு நிற்காது. அடுத்த கொடையாளர் பொருந்தும் வாய்ப்பையும் குறைத்துவிடும்.